காதுக்குப் போன புள்ளி

டென்னிஸ் என்பது தோற்பதையே பிழைப்பாகக் கொண்ட தொழில்: முப்பத்திரண்டு பேர் ஆடும் போட்டியில் முப்பத்தொரு பேர் தோற்றே தீர வேண்டும், மிச்சமிருக்கும் அந்த ஒருவன் நானாக இருந்ததே இல்லை. விளையாட்டைத் தொழிலாக வைத்துக்கொண்டு, அது தொழில்தான் என்று மதுரையில் நாலு பேருக்கு விளக்கப் போய் நாக்கு வறண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் ஆடியும் உலகத் தரவரிசையில் என் பெயர் இல்லை. பெயர் ஏற ஒரே ஒரு புள்ளி வேண்டும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற அடித்தட்டு ஆட்டக்காரர்களுக்கென்று நாலு வாரச் சுற்று ஒன்று இருந்தது. முதல் மூன்று வாரம் மூன்று ஊர்களில் ஆடி, இருபத்து நாலு பேருக்குள் வந்தால் நாலாவது வாரத்துக்கு அனுமதி. அங்கே முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினாலும் ஒரு புள்ளி உறுதி. ஆனால் நாலாவது வாரம் இறங்கவில்லை என்றால் முந்தைய மூன்று வாரமும் கணக்கிலேயே வராது. இந்த விதியை எழுதியவருக்கு அக்கா தங்கை யாரும் இல்லை என்பது என் துணிபு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தீர்ப்பு

கே.கே. நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். நான் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கும்போதெல்லாம், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வாசலில் நிற்பார். "என்ன தம்பி, ஜெயிச்சியா, தோத்தியா?" என்பார். காலிறுதி வரைக்கும் வந்தேன் என்பேன். அதற்கு இரண்டு பேரை வீழ்த்தியிருக்க வேண்டும், அதில் ஒருவன் என்னைவிட அரை அடி உயரம், அவன் சர்வீஸ் மாடியிலிருந்து செங்கல் போடுகிற மாதிரி இறங்கும் என்றெல்லாம் எடுத்துச் சொல்வேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். வால்யூம் குறைந்த ரேடியோவைக் கேட்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "அப்பத் தோத்துட்டேன்னு சொல்லு" என்பார்.

எழுமலை பஸ்

அக்காவை எழுமலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். சுற்றின் இரண்டாவது வாரம் முடிந்து, அக்கா மகளைப் பார்க்க அங்கே போனேன். கையில் மூன்று ராக்கெட். கொசு அடிக்கும் மின்சார பேட் ஊருக்குள் புழக்கத்துக்கு வந்திருந்த சமயம். உசிலம்பட்டி தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒரு ராக்கெட்டைக் கேட்காமலே எடுத்தார், வலையைத் தடவினார், பிடியில் சுவிட்சைத் தேடினார்.

இது வேறு, இந்த நரம்பை முறுக்கிக் கட்டவே தனி இயந்திரம் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதெல்லாம் சரிப்பா. மூணு வச்சிருக்கியே, உங்க ஏரியால அம்புட்டுக் கொசுவா?"

குழி

மூன்றாவது வாரத்துக்கு நாலு நாள் முன்பு, நான் பயிற்சி எடுக்கும் கிளப்பில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், டென்னிஸ் தரையில் பந்தல் எழும்பிக்கொண்டிருக்கிறது. யாரோ உறுப்பினர் வீட்டுக் கல்யாண வரவேற்பாம். பின்கோட்டை ஒட்டி ஒரு முழ ஆழத்துக்குக் குழி, குழிக்குள் கம்பம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இதில் கால் விட்டால் கணுக்கால் போகும், கணுக்கால் போனால் அந்தப் புள்ளி போகும்!

டென்னிஸில் கோட்டுக்குள்ளே விழ வேண்டியது பந்து மட்டும், ஆடுகிறவன் நிற்பது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே என்கிற அடிப்படை உண்மையைப் பந்தல்காரருக்குப் பத்து நிமிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த சணல் கயிற்றை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அண்ணே, நாங்களும் டிவில பாக்குறவய்ங்கதான். கோட்டுக்கு வெளியதானே தோண்டிருக்கேன்? வெளிய விழுந்தா அவுட்டுதானண்ணே?"

விரல்

மூன்றாவது வாரம். அந்த மட்டத்துப் போட்டிகளில் கோட்டருகே ஆள் நிறுத்த மாட்டார்கள். உன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நீயே சொல்லிக்கொள்ள வேண்டும். மனித குலத்தின் நேர்மை மீது இம்புட்டு நம்பிக்கை வைத்த சட்டம் வேறெந்தத் துறையிலும் கிடையாது. எதிரே சென்னைப் பையன் ஒருவன். கடைசி செட், முக்கியமான கட்டம். என் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது, சுண்ணாம்புத் தூள்கூடப் பறந்தது. அவன் ஒரு விரலை உயர்த்தி "அவுட்" என்றான்.

தோற்றேன். ஆனாலும் முந்தைய இரண்டு வார ஆட்டத்தின் புண்ணியத்தில் பட்டியலில் இருபத்து நாலாவது ஆளாக, கடைசி வரியில், தொற்றிக்கொண்டேன். குளியலறையில் அந்தப் பையன் என் தோளில் கை போட்டான். "மச்சி, அது உள்ளதான் விழுந்துச்சு. மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேன்."

மாமன் மடி

நாலாவது வாரம் கோயம்புத்தூரில். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இருபத்தைந்தாவது ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதே திங்கட்கிழமை காலை, அழகர்கோவிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளையும் காது குத்திக்கொள்வதில்லை. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. ஏழரை மணிக்கு முகூர்த்தம், ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்குக் கோவை. கணக்கு சுத்தமாக இருந்தது.

எழுமலையிலிருந்து வர வேண்டிய மச்சானின் பெரியப்பா ஏறிய வேன், டயர் பஞ்சராகி வாடிப்பட்டியில் நின்றுவிட்டது. அவர் வராமல் குத்தக் கூடாது என்று மச்சான் வீட்டார் ஒரே பிடி. நான் பத்து தடவை வாட்சைப் பார்த்தேன். "எங்க ஓடப்போற? நீ எந்திரிச்சுப் போனா இவுக முன்னாடி நான் எப்படிடா தலை நிமிந்து நிப்பேன்? பேசாம ஒக்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். முடி இறக்கி சந்தனம் பூசிய தலையோடு அந்தப் பொடிசு என் மடியில் ஏறி, என் வாட்சைக் கடித்துக்கொண்டிருந்தது.

பதினொன்றேகாலுக்கு ஆசாரி ஒரு வழியாகக் குத்தினார். பிள்ளை அலறியது. நான் எழப் போனேன். வீடியோக்காரர் ஓடி வந்து தோளை அழுத்தினார். "அண்ணே, குத்தும்போது லைட்டு எரியல. ஒக்காருங்க, இன்னொருக்காக் குத்திருவோம்."

ஆறு இருபது

குத்துகிற மாதிரி பாவனை செய்து தப்பித்தோம். ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து, கோவையில் இறங்கி, பட்டு வேட்டியோடும் சந்தனம் ஒட்டிய சட்டையோடும் மைதானத்துக்குள் ஓடியபோது மணி ஆறு இருபது. போட்டி நடுவர் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"காது யாருதுங்க?"

"அக்கா மகளுது சார்."

"அப்ப மாமன் இல்லாம ஆகாதுங்களே. நீங்க பண்ணுனதுதானுங்க சரி" என்று மனமாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டில் நான் கொஞ்சம் நம்பிக்கைகூட வைத்துவிட்டேன். அவர் பதிவேட்டைத் திறந்து என் பெயர் மேல் கிடந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். "ஆனா, பேர அடிச்சாச்சுங்க தம்பி."

மறுபடியும் ரோஜாச் செடி

மறுநாள் காலை வீட்டு வாசலில் இறங்கினேன். தலைமையாசிரியர் தண்ணீர்க் குவளையோடு தயாராக நின்றார். "என்ன தம்பி, ஜெயிச்சியா, தோத்தியா?" ஆடவே விடவில்லை என்றேன். பெரியப்பா, டயர், வீடியோக்காரர், ஆறு இருபது எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று வார உழைப்பு, ஆறு வருடக் காத்திருப்பு, ஒரு புள்ளி, எல்லாம் ஒரு கம்மலுக்காகப் போயிற்று என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, என்னைத் தெரிந்த இத்தனை வருடத்தில் முதல் முறையாக, முகம் மலர்ந்து கை கொடுத்தார். "அப்பத் தோக்கல!"

உலகத் தரவரிசையில் கடைசி வரை என் பெயர் ஏறவில்லை என்றாலும், ஆறு வருடத்தில் நான் தோற்காமல் வீடு திரும்பிய ஒரே வாரத்துக்கு அழகர்கோவிலில் எடுத்த வீடியோ ஆதாரம் இருக்கிறது, அதுவும் இரண்டு டேக்கில்.