சுவர் தாண்டிக் கேட்கிற போன்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் போன் அலாரம்தான் பல வருடமாக எனக்கும் அலாரம்.

நேற்று அந்த போன் உயிரை விட்டது. இன்று காலை நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிற பெங்களூரு ரயிலைத் தவறவிட்டோம்.

சாயங்காலம் அக்காவோடு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் விலை குறைந்த டச் போன் இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று மெலிசு, கேமரா பளிச், ஆனால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். இன்னொன்று செங்கல் கனம், டச் கொஞ்சம் மந்தம், சார்ஜ் மட்டும் இரண்டு நாள் நிற்கும். எல்லாம் யோசித்து மெலிசைச் சொன்னேன்.

அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ரெண்டுலயும் அலாரம் வைங்க" என்றார் கடைக்காரரிடம். பிறகு என்னிடம், "நீ பக்கத்துக் கடையில போய் நில்லு. கேக்குதான்னு சொல்லு."

பக்கத்தில் பாத்திரக் கடை. சுவரோரமாக நின்றேன். மெலிசு கேட்கவே இல்லை. செங்கல் அடித்ததும் பாத்திரக் கடைக்காரர், "இன்னாபா அது?" என்று எழுந்தேவிட்டார்.

நான் திரும்பி வந்து சொன்னதும், "இதையே குடுங்க" என்றார் அக்கா.

"போட்டோ சுமாராத்தான் வரும்க்கா" என்றேன்.

"இருட்டுல போறோம், இருட்டுல வர்றோம். யாரு மூஞ்சிய யாரு புடிக்கிறது?"

உன் போனில் அலாரம் இல்லையா என்று கேட்கப்போகிறீர்கள். இருக்கிறது. அடித்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அடிப்பதை எப்படி அணைப்பது, சொல்லுங்கள்?