வாசலில் வைத்த கொழுந்துக் கூடை

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், பதுளை டவுனில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு அந்த மண்டபத்துக்குப் பூச் சோடனை செய்தவன் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் பதுளைக்கு வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து மாலை கட்டப் பழகினேன். இன்றைக்குச் சொந்தக் கடை, சொந்த லொறி, என்னிடம் வேலைக்கு ஆறு பேர். வெலிமடையிலிருந்து லுணுகலை வரைக்கும் நான் மணவறை கட்டாத ஊர் கிடையாது. மாலை பார்க்கப் பருமனாக இருக்க வேண்டும், கழுத்தில் போட்டால் கனக்கக் கூடாது. அந்த வித்தை என் விரலில் இருக்கிறது. ஒரு பூவைக் கையில் வாங்கினாலே நேற்று வெட்டியதா, முந்தாநாள் வெட்டியதா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பதுளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கல்யாணப் பெண் ஒரு டீச்சர். அவளும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா தோட்டத்தில் தேயிலைச் செடிகளை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து எடுத்து மகளைப் படிக்க வைத்தவர். மாப்பிள்ளை பதுளையில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் வீட்டுப் பையன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தி, பூவுக்குச் சொல்ல அந்தப் பெண் தனியாகத்தான் கடைக்கு வந்தாள். நான் ஆல்பத்தை எடுத்து விரித்தேன். அவள் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

"பூவெல்லாம் உங்க இஷ்டம் மாமா. எங்க அம்மா பாத்து சந்தோஷப்படணும், அவ்வளவுதான்."

‘உங்க இஷ்டம்’ என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் கொழும்பு ஹோட்டல் கல்யாணங்களில் பச்சை இலையாக வைத்துச் சோடிப்பது பெரிய நாகரிகமாக இருந்தது. ஃபோனில் பார்ப்பேன். எல்லாம் விலைக்கு வாங்கின இலை. நம்மிடம் மலை மலையாகப் பச்சை இருக்கும்போது எதற்கு அது என்று தோன்றியது. தேயிலைக் கொழுந்தை வைத்து மணவறை செய்தால் என்ன? இந்த ஊவா மாகாணம் முழுக்க எவனும் செய்ததில்லை. நினைத்தபோதே நெஞ்சு விரிந்துவிட்டது. வேலையாட்களிடம்கூடக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கடைக்காரன் காதுக்குப் போய்விடும்.

பசறைப் பக்கம் சொந்தத்தில் ஒரு துண்டுத் தேயிலை நிலம் வைத்திருக்கிற ஒருவரிடம் சொல்லிவைத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கொழுந்து வாங்கினேன். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்க இரண்டு இலையும் மொட்டுமாகப் பிடி பிடியாகக் கம்பியில் கட்டி, மணவறைத் தூண் நான்கையும் மூடினேன். அதற்கு நடுவே வெள்ளை ரோஜாவும் மஞ்சள் செவ்வந்தியும். வாசலில் இரண்டு பக்கமும் என்ன வைத்தேன் தெரியுமா? பழைய கொழுந்துக் கூடை இரண்டு. அதில் ரோஜாவை நிரப்பி, தலையில் மாட்டுகிற கயிறு இருக்கும் இடத்தில் சிவப்புப் பட்டு ரிப்பன் கட்டினேன். காலை ஏழரை மணிக்கு வேலை முடிந்தது. தூரத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்தேன். முகூர்த்தம் பதினொரு மணிக்கு மேல்.

எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து பெண் வீட்டாரின் பஸ் வந்தது. முதலில் இறங்கியது பெண்ணின் அம்மாதான். அரக்கு நிறத்தில் புதுப்பட்டு, கையில் தாம்பாளம். நான் வாசலிலேயே நின்றேன், பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள.

அந்த அம்மா கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு விரலால் ரிப்பனைத் தொட்டார். நிமிர்ந்து உள்ளே மணவறையைப் பார்த்தார்.

"நல்லா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"முப்பது வருசமா பாத்ததுதானே." பிறகு தன் பக்கத்தில் வந்தவர்களைப் பார்த்து, "நீங்க போங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த அம்மாவின் தம்பிக்கு, அதாவது பெண்ணின் தாய்மாமனுக்கு, புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாருய்யா இதை வைக்கச் சொன்னது? மாப்பிள்ளை வீடா?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே கொட்டிவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தர், கொழுந்து எடுக்கிற வீட்டுப் பெண்ணுக்குப் பட்டுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தாராம். பெண்ணுக்காக எல்லாரும் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வந்து இறங்கினால் வாசலில் கூடை.

"அன்னைக்கு வாயால சொன்னாங்க. இன்னைக்குப் பூ வச்சு சொல்றாங்களா? அக்கா, பஸ்ஸுல ஏறு. புள்ளைய நான் கூட்டிட்டு வர்றேன்."

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. "நாங்க எதுக்குங்க சொல்றோம்? நீங்கதான் உங்க தோட்டத்து அடையாளமா வைக்கச் சொன்னீங்கன்னு நினைச்சோம்."

"எங்க அடையாளம் கூடைதானா?" என்றார் தாய்மாமன்.

பெண்ணின் அப்பா பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணப்பெண் விடிகாலையிலேயே பின்வாசல் வழியாக வந்து உள்ளே அறையில் தலைவாரிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுபோகும் போலிருந்தது.

என் தொழிலில் இத்தனை வருஷமாக யாரிடமும் தப்பு என்று நான் ஒத்துக்கொண்டது கிடையாது. பூ வாடினால் வெயில் மேல் போடுவேன். மாலை அறுந்தால் மாப்பிள்ளை இழுத்துவிட்டார் என்பேன். அன்றைக்கும் ஒரு வழி இருந்தது. பெண்தான் என் இஷ்டம் என்றாள் என்று சொல்லியிருந்தால் என் பேர் தப்பியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாவைப் பார்த்தேன். முன் நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் முடி தேய்ந்து ஒரு கோடு. அந்தக் கோட்டை நான் நன்றாக அறிவேன். என் அம்மாவுக்கும் இருந்தது.

"யாரும் சொல்லலீங்க. நான்தான் வச்சேன்" என்றேன். "எங்க அம்மாவும் கொழுந்துக்காரிதான். அது தலையில தொங்கின கூடையை மறந்துட்டு, அழகுக்குன்னு ரோசாவைப் போட்டு வச்சிட்டேன். தப்பு என் தப்பு. ரெண்டு வீட்டுக்கும் இதுல பங்கு இல்ல."

அந்த அம்மாதான் கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன். அவர்கள் தோட்டத்துக்கு அடுத்த மலை.

"அப்ப எடுத்துருங்க" என்றார்.

கூடை இரண்டையும் நானே தூக்கி லொறியில் போட்டேன். மணவறையில் கட்டியதைப் பிரிப்பதுதான் பெரிய வேலை. என் ஆட்கள் கம்பி கம்பியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியே போனால் பத்து மணியாகிவிடும். பஸ்ஸில் வந்த பெண்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினார்.

"தள்ளுங்கப்பா. கத்திரிக்கோலால கொழுந்து எடுக்கிற ஆளுங்களை இப்பதான் பாக்கிறேன்."

அவர் ஏறியதும் பத்துப் பதினைந்து பேர் ஏறிவிட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பறித்தார்கள் பாருங்கள், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு தூண் வெறுங்கம்பியாகிவிட்டது. நானும் சேர்ந்துகொண்டேன்.

"அண்ணே, முத்தின இலையெல்லாம் எடுக்கிறீங்க. கணக்கப்பிள்ளை கழிச்சுக் கொட்டிருவாரு" என்றார் ஒருத்தர்.

"அதை விடு. இன்னைக்கு நமக்குப் பேர் போடுவாரான்னு கேளு" என்றார் இன்னொருத்தர். தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்பார்கள்.

"லேட்டா வந்ததுக்கு அரைப்பேர்தான்" என்றேன். மண்டபமே சிரித்தது. வாசலில் நின்ற அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

கொழுந்தை எடுத்துவிட்டோம், மணவறை எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முந்தியே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் அந்த அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா பூ புடிக்கும்?"

"எனக்கென்ன பூ, எதையாவது வையுங்க" என்று வெட்கப்பட்டார். மேடையிலிருந்த ஒருத்தர் விடவில்லை. "அவளுக்கு டேலியாங்க. கொழுந்தை எடை போட்டுட்டு வர்றப்ப, துரை பங்களா வேலியைப் புடிச்சிட்டு நிப்பா. அதுக்காகவே கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவா."

"சும்மா இரு அக்கா" என்றார் அந்த அம்மா.

டேலியாவைப் பூக்காரன் எவனும் கல்யாணத்துக்கு எடுக்க மாட்டான். வெட்டிய கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். ஆனால் எனக்கு அதற்கு ஒரு வழி தெரியும். ஹாலிஎல பக்கத்தில், நோனா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்களப் பெண்மணி வீட்டுத் தோட்டத்தில் டேலியா வளர்க்கிறார். விஷயத்தைச் சொல்லி ஃபோனில் கெஞ்சினேன். லொறி போய்ச் சேர்வதற்குள் அவரே வெட்டி வாளியில் போட்டு வைத்திருந்தார். சமையல்காரரிடம் சுடுதண்ணீர் வாங்கி, காம்புகளை மட்டும் அதில் நிறுத்தி, தண்ணீர் ஆறும் வரைக்கும் காத்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா இரண்டு தடவை வந்து கடிகாரத்தைக் காட்டினார். "அவசரப்பட்டா தாலி கட்டுறதுக்குள்ள தொங்கிரும், போங்க" என்று விரட்டிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மணவறை முழுக்க டேலியா. குங்குமச் சிவப்பு, ஊதா, நடுவில் என்னுடைய வெள்ளை ரோஜா. வாசலில் கூடை இருந்த இடத்தில் பித்தளைக் குடங்கள், அதிலும் டேலியா. அந்த அம்மா ஒரு பூவை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, இதழை எண்ணுகிறவர் போலப் பார்த்தார். "கிட்டத்துல இவ்வளவு பெருசா இருக்கும்னு தெரியாது" என்றார். ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உள்ளே நடந்தார். சாப்பாட்டுப் பந்தி முடியும் வரைக்கும் ஒரு பூகூடத் தலை தொங்கவில்லை. சேலை பற்றிக் கேலி செய்த பெரியம்மாவே மணவறைக்கு முன்னால் நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் பூவுக்கு வந்தாலும் நான் ஆல்பத்தை விரிப்பதில்லை. எந்தப் பூ வேண்டாம் என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒருத்தர் வெள்ளைச் செவ்வந்தி வேண்டாம் என்றார், மகனை அடக்கம் செய்தபோது போட்டது. ஒரு பெண் ரோஜா வேண்டாம் என்றாள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பதுளையில் மற்றக் கடைக்காரர்களும் இப்படிக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்த்துப் பழகியதுதான். பூவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் எவனுக்கும் தெரியாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்தப் பூவுக்கு முன்னால் நிற்கப் போகிறவரை எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் தைரியம், அந்த அம்மா உள்ளே வராமல் நின்ற அந்தக் காலையில்தான் எனக்கு வந்தது.