ஒரு மைல் தள்ளி நின்ற கப்பல்

அச்சிமுகம்மது திருகோணமலைத் துறைமுகத்தில் ஆழம் பார்க்கிறவர். படகின் முனையில் நின்று, ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, குண்டு தரையைத் தொட்டதும் எத்தனை பாகம் என்று சொல்லுவார். ஒரு பாகம் ஆறடி. வீடு கல்முனையில். மனைவி ஹாஜறாவும் இரண்டு பெண்மக்களும் அங்கே இருந்தார்கள்.

1978 நவம்பரில் சூறாவளி அடித்தது. தென்னைகள் விழுந்து தெருக்கள் அடைபட்டன. எட்டு நாளாகியும் கல்முனையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஒன்பதாம் நாள் அரிசியும் கூரைத் தகரமும் ஏற்றிய சிறு கப்பலொன்று கல்முனைக்குப் புறப்படத் தயாரானது. அந்தக் கரையை அறிந்தவர் யார் என்று கேட்டார்கள். அச்சிமுகம்மது குண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

விடியும்போது கரை தெரிந்தது. தோப்புகள் இருந்த இடமெல்லாம் மொட்டை. பள்ளிவாசல் மினாரா நின்றது. அதற்குத் தெற்கே அவருடைய வீடு இருந்த ஒழுங்கை. அங்கே கூரை ஒன்றும் கண்ணில் படவில்லை.

"கப்பலை எவ்விடத்திலை கட்டிறது?" என்று கேட்டார் கப்டன் கனகசபாபதி, யாழ்ப்பாணத்துக்காரர்.

"கட்ட ஒண்டும் இல்ல சேர். ஜெட்டியும் இல்ல, மறைப்பும் இல்ல. திருகோணமலையில மலை காத்த மறிக்கும். இஞ்ச வெறும் மணல்."

கப்பலின் அடி தண்ணீருக்குள் பன்னிரண்டு அடி இறங்கியிருந்தது. புயலுக்குத் தப்பிய தோணியொன்றில் பாண்டிருப்பு மீனவர் சீனித்தம்பி வந்து சேர்ந்தார். கரையில் நிற்கிற அதிகாரி கப்பலைக் கிட்டக் கொண்டுவரச் சொல்கிறார் என்றார். அச்சிமுகம்மது அந்தத் தோணியில் இறங்கிக் கரைப்பக்கமாக அளந்துகொண்டு போனார். ஐந்து பாகம், நாலு, பிறகு மூன்று. அலை தோணியை ஆறடி தூக்கி ஆறடி இறக்கியது.

"மூணு பாகத்தில கப்பல் நிக்கேலாதா காக்கா? சனம் பசியில கிடக்குது."

"அலை இறங்கக்குள்ள அடி மணல்ல இடிக்கும். புயல் மணல எங்க தள்ளிக் கிடக்கெண்டும் தெரியா. ஏலா சீனித்தம்பி."

கப்பல் ஒரு மைல் தள்ளியே நங்கூரம் போட்டது. ஊரில் மிஞ்சிய ஆறு தோணிகள் அரிசி இறக்கின. ஒரு நடைக்குப் பன்னிரண்டு மூட்டை. அதிலும் பாதி நனைந்தது. திரும்பி ஏறிய அச்சிமுகம்மது பிறகு கப்பலை விட்டு இறங்கவில்லை. கப்பல் காற்றுக்குத் திரும்பும் போதெல்லாம் சுற்றிலும் ஆழம் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நடையில் சீனித்தம்பி சொன்னார்: "உங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்தில இரிக்காங்களாம். மூணு பேரும் சுகம். வீடுதான் இல்ல."

அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு குண்டை மறுபடியும் கடலில் விட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் வாடைக்காற்று ஏறியது. தகரக் கட்டுகளை ஆடுகிற தோணியில் இறக்க முடியவில்லை. இனி நிற்பது ஆபத்து என்று கப்டன் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். அச்சிமுகம்மது கடைசித் தோணியில் கரைக்கு வந்தார். தகரம் கப்பலோடு திரும்பிப் போனது.

கரையில் நின்ற பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கேட்டா: "நம்மட ஊருக்கு வந்த தகரத்த நீதானே திருப்பி அனுப்பின?"

"கிட்ட வந்திருந்தா கப்பலே போயிருக்கும் ராத்தா."

அவ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தா. பள்ளிக்கூடத்தில் ஹாஜறாவும் அதையே வேறு விதமாகச் சொன்னா: "நமக்கும்தான் கூரை இல்லாமப் போச்சு." அவர் "ஓம்" என்றார். தெரு திறந்து, ஜனவரியில்தான் லொறியில் தகரம் வந்தது. அதுவரை ஊர் மழையில் நனைந்தது. கப்பலைத் தடுத்தவர் என்ற பேச்சு அவரைவிட்டுப் போகவில்லை. அவரும் யாரிடமும் வாதாடவில்லை.

1983 தொடக்கத்தில், கல்முனையில் துறைமுகம் கட்டலாமா என்று பார்க்க இரண்டு பொறியியலாளர்கள் வந்தார்கள். லீவில் நின்ற அச்சிமுகம்மதுதான் அவர்களைத் தோணியில் கூட்டிப்போனார். மணல் நகரும், மாரியில் நாலு மாதம் ஒன்றும் இறக்க முடியாது என்று அளந்து காட்டினார்.

அன்று மாலை ஆமினா உம்மா வேலியோரம் வந்து நின்றா.

"துறைமுகம் வருமா?"

"கடலுக்குள்ள கல்லு நிரப்பி அலைய மறிச்சா வரும். மறிக்காட்டிக் கப்பல் தூரத்திலதான் நிக்கும்."

"அண்டைக்கு அந்தக் கப்பல் கிட்ட வராததும் அதாலதானா?"

"அதான் ராத்தா."

நாலு வருடத்துக்குப் பிறகு அவ அவரோடு கதைத்தது அன்றுதான்.