வெள்ளிக்கிழமை கழுவிய எஞ்சின்

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் என் கார் பட்டறைக்கு வரும் ஒரு லோரி டிரைவர் அண்ணன் சட்டையில் ஒரு கறைகூட இருக்காது. அவருடைய பழைய காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சென்சரை மாற்றிக் கொடுத்தேன். மறுவாரமே விளக்கோடு திரும்பி வந்தார்.

“எப்ப எரிய ஆரம்பிக்குதுண்ணே?”

“எப்பவும் சனிக்கிழம காலையிலதான் லா.”

சென்சரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே ஈரம், பாசி மாதிரி பச்சைக் களிம்பு.

“வெள்ளிக்கிழம கார் கழுவுறப்ப பொனட்டத் தொறந்து உள்ளயும் தண்ணி அடிப்பீங்களா?”

அவர் முகம் சுருங்கியது. “பின்ன? உள்ள அழுக்க வச்சிக்கிட்டு, மேல மட்டும் கழுவிட்டு சந்தனம் வைக்கச் சொல்றியா தம்பி?”

புது பிளக் போட்டு, இனி துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். விளக்கு எரியவில்லை. அவரே பொனட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின்மேல் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நான் போட்ட பிளக்கின்மேல் சந்தனம், நடுவில் குங்குமம்.

“சந்தனம் நல்லாக் காஞ்சிருச்சி, பயப்படாத,” என்றார்.

எத்தனையோ கார்களைச் சரிசெய்திருக்கிறேன். என் வேலைக்குப் பொட்டு வைத்தவர் அவர் ஒருவர்தான்.