புத்தகம் பிடித்த கை

தோவாளையில் இன்று ஒருத்தி பிச்சிமொட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறினாள். அந்த வாசத்தில் எனக்கு நினைவு வந்தது, சுதந்திரம் வந்த புதிதில் நாங்கள் படித்த நாலாம் ஃபாரத்து இங்கிலீஷ் புத்தகம்தான். எங்கள் ஓலைப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன.

எனக்கும் சரசுவுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். விடிந்ததும் அவள் வீட்டு முற்றத்தில், ஈர வாழைநாரும் பூவுமாக அவள் சரம் கட்ட, பக்கத்தில் உட்கார்ந்து நான் புத்தகத்தை விரித்துப் பிடிப்பேன். விரல்கள் முடிச்சுப் போடுகிற வேகத்திலேயே வரிவரியாக வாசித்துக்கொண்டு போவாள், பக்கம் முடிந்தால் திருப்பச் சொல்லி முழங்கையால் என்னை இடிப்பாள்.

வாசிப்புப் பரீட்சையில் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். பரீட்சையன்று இங்கிலீஷ் சார் கொடுத்த புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலேயே நின்றுவிட்டாள் சரசு.

"கையில புத்தகம் இருந்தா இவளுக்கு வாசிக்க வராது, சார். நான் பிடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

சார் கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தாவணி நுனியை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாகப் பக்கம் முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்தவள், பழக்கத்தில் அவர் முன்னாலேயே என்னை முழங்கையால் இடித்தாள். சார் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

அடுத்தது என் முறை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு நன்றாக வாசிக்க வரும். ஆனாலும் அதை அவளிடம் நீட்டினேன்.

"ஏட்டி, நீ பிடி."