ஓனர் வெளியே போயிருக்கிறார்

சண்முகவேல் படியேறி வந்தபோது மாரிச்செல்வம் மூன்றாவது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு டெய்லர் ஒருவர் வரவில்லை. அந்த இடத்தில் அவனே உட்கார்ந்துவிட்டான். தலையெல்லாம் பஞ்சு, சட்டையில் எண்ணெய்.

"ஓனர் இருக்காருங்களா?"

வந்தவர் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் மேனேஜர். நல்லூரில் உள்ள இந்தத் தையல் யூனிட்டுக்கு இதுவரை ஏஜெண்டு மூலமாகத்தான் துணி வந்தது. நாலாயிரம் குழந்தைச் சட்டைகளை இனி நேரடியாகத் தைக்கக் கொடுக்கலாமா என்று பார்க்க, முன்கூட்டிச் சொல்லாமல் வந்திருந்தார். அவருடைய இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் மாரிச்செல்வம் எழுந்து நின்றான்.

"ஓனர் வெளிய போயிருக்காருங்க."

இப்படிச் சொல்வது அவனுக்குப் புதிதில்லை. மகளின் பள்ளிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் டெய்லர் என்றுதான் எழுதுவான். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, ஒரே பனியன் கம்பெனியில் பத்து வருடம் தைத்தவன். சொந்தமாக முதல் மெஷினை வாங்கியதும் அந்த முதலாளியிடம் சொல்லப் போனான். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, நம்ம மாரியும் முதலாளி ஆயிட்டானாம். இனி நமக்கு யாருங்க தைக்கறது?" அவனும் கூடவே சிரித்துவிட்டு வந்தான். அப்படிச் சிரித்ததற்குத்தான் இன்றும் கூசுகிறான்.

சண்முகவேல் ஒரு பீஸை எடுத்து உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க. எங்கயும் நூல் வுடல."

"தினம் காலையில நான்தாங்க எல்லா மெஷினையும் செட் பண்ணுவேன்" என்றவன், அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "ஓனர் சொல்றபடிதாங்க."

"செரிங்க. நான் அவருகிட்டத்தான் பேசோணும். இன்னைக்கே முடிவு பண்றதுங்க. இன்னொரு யூனிட்டும் பாக்கோணும்." அவர் படியிறங்கினார்.

செக்கிங் மேஜையில் அவன் அக்கா பாண்டியம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். அதற்குள் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஜோதிகா கேட்டுவிட்டாள். ஆறு வருடமாக அங்கே இருப்பவள்.

"ஏண்ணே, என்னையப் பொண்ணு பாக்க வந்தவுககிட்ட, எங்க ஓனர் தங்கமானவரு, எங்ககூட உக்காந்து தைப்பாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க ஓனர் இல்லைன்னா நாங்க இம்புட்டு நாளா யாருகிட்ட வேலை பாக்குறோம்?"

யாரும் சிரிக்கவில்லை. தன்னை மட்டுமே மறைப்பதாக அவன் நினைத்திருந்தான். இத்தனை பேரையும் சேர்த்து மறைத்திருக்கிறான்.

"அவர் வண்டிய எடுக்கப் போறாருடா" என்றாள் அக்கா. "என்னயப் பாக்காத. நீயே போய்ச் சொல்லு."

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினான்.

"சார், நான்தாங்க ஓனர்."

"ஏனுங்க, அப்ப மேல நான் யாருகிட்டங்க பேசிட்டு இருந்தேன்?"

"எங்கிட்டதாங்க. பொய் சொல்லிட்டேன். இந்தச் சட்டையோட நின்னுக்கிட்டு நான்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சண்முகவேலின் முகம் மாறவில்லை. "மொதப் பேச்சே பொய்யின்னா, நாளைக்கு நீங்க டெலிவரி தேதி சொன்னா எப்படிங்க நம்பறது?"

அவனுக்குக் காது சுட்டது. "இன்னொரு தடவை மேல வாங்க சார். நானே காட்டுறேன்."

மேலே வந்ததும் முதல் மெஷினில் கைவைத்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான். "இது ரெண்டாயிரத்துப் பதினாலுல பழசா வாங்குனதுங்க. இது அடுத்த வருசம். இந்த ரெண்டும் கொரோனாவுக்கு முந்தி. கொரோனாவுல எதையும் விக்கலைங்க." ஏழாவதுக்கு வந்தபோது தரையைப் பார்த்துப் பேசுவதை விட்டிருந்தான். பன்னிரண்டாவது வந்ததும் நின்றான். இவற்றை இப்படி வரிசையாக அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"ஐநூறு பீஸ் தரேனுங்க" என்றார் சண்முகவேல். "நாலாயிரமும் குடுக்கத்தான் வந்தேன். மீதிய இது முடிஞ்சதும் பாக்கலாமுங்க."

எல்லோருக்கும் கேட்டது. மீதி மூவாயிரத்து ஐநூறும் தன் வாயால் போனது என்று மாரிச்செல்வத்துக்குத் தெரிந்தது.

சண்முகவேல் நோட்டைத் திறந்தார். "கம்பெனி பேருங்க?"

"பேரு... இன்னும் வைக்கலைங்க."

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்களே! உங்க பேரையே எழுதிக்கறேன். மாரிச்செல்வம் கார்மெண்ட்ஸ். செரிங்களா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன.

"சரிங்க" என்றான். பிறகு, கடைசி மெஷின்வரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான்.