காட்டக் கூடாத மிஷின்

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. ஆளாளுக்கு போனிலேயே கல்யாணத்தை எடுக்க ஆரம்பித்ததும் என் வேலை குறைந்தது. கம்பெனிகளுக்கு விளம்பர வீடியோ எடுக்க இறங்கினேன். கோயமுத்தூரில் கம்பெனிக்குக் குறைவில்லை. பம்பு, வால்வு, கியர். ஒன்றும் எனக்குப் புரியாது. பளபளப்பதை எடுப்பேன்.

ஊரில் கணபதிப் பகுதியில் ஒருவர் கூப்பிட்டார். சந்துக்குள் சின்னப் பட்டறை. வால்வுக்குள் உட்காரும் எஃகு வளையம் செய்கிறார். வளையல் போல மெல்லியது. வழக்கமாக வாங்கிய கம்பெனி ஊரை விட்டுப் போய்விட்டது. வடக்கே ஒரு பெரிய கம்பெனி விசாரித்திருக்கிறது. முதலில் வீடியோ அனுப்புங்கள், பிறகு நேரில் வருகிறோம் என்றார்களாம்.

"இது கெடைச்சாத்தானுங்க தம்பி பட்டறை ஓடும். இல்லீன்னா சாத்திப்போட வேண்டியதுதான்," என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

கேமராவை வைத்தேன். அவர் ஒரு வேட்டியை எடுத்து வந்து பெரிய மிஷினின் வாயை மூடிக் கட்டினார்.

"ஏனுங்கண்ணா?"

"அதைய மட்டும் எடுக்காதீங்க. அதுக்குள்ளதான் விசயமே இருக்குது."

மெல்லிய வளையத்தை மிஷினில் இறுக்கிப் பிடித்தால் வட்டம் கெட்டுவிடும். கெடாமல் பிடிக்க அவரே ஒரு ஃபிக்சர் செய்து வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மச்சானின் பட்டறை. சம்சாரத்தின் அண்ணன். இவரிடம் இருந்து பிரிந்து போய் அதே வளையம் செய்கிறார். விசேஷங்களில் ஒரே பந்தியில் உட்காருவார்கள். பட்டறைக்குள் மட்டும் ஒருவரை ஒருவர் விடுவதில்லை.

அவர் சம்சாரம் டீ கொண்டுவந்தார். வேட்டியைப் பார்த்தார்.

"பாருங்க தம்பி, என்ற அண்ணனுக்குப் பயந்துட்டு மிசினுக்கு வேட்டி கட்டி உட்டிருக்கறாரு."

"உன்ற அண்ணன் ஒருக்கா பாத்தாப் போதும், செஞ்சுபோடுவான்."

"அப்ப கெட்டிக்காரன்னு ஒத்துக்கறீங்க."

அவர் டீயைக் குடித்தார்.

வீடியோவை வெட்டி ஒட்டும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இதில் டூல் தெரிகிறது, வெட்டிவிடுங்கள். இதில் சுவரில் வரைபடம் தெரிகிறது, வெட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் மிஷினின் நிழல் விழுகிறது, அதையும் வெட்டிவிடுங்கள். கடைசியில் மிஞ்சியது கேட், பெயர்ப் பலகை, சந்தனம் வைத்த சாமி படம், மேலிருந்து எடுத்த தகரக் கூரைகள். அப்புறம் வளையங்கள். மணப்பெண் நகைகளை வைத்து எடுக்கும் சிவப்பு வெல்வெட் துணியில் அடுக்கி எடுத்திருந்தேன். தங்கம் போல இருந்தன.

"வேல நடக்கறதே இதுல இல்லீங்களேண்ணா?"

"செஞ்ச சாமான் இருக்குதல்லொ. பாத்தாத் தெரியும்."

எனக்கு என்ன தெரியும். அனுப்பினோம்.

அந்தக் கம்பெனி ஆள் பேசியபோது நானும் அங்கே இருந்தேன். இங்கிலீஷ். போனை வைத்துவிட்டு அவர் எனக்குச் சொன்னார்.

"நீங்க எங்க வாங்கி விக்கறீங்கன்னு கேக்கறாங்க."

என் வெல்வெட் வீடியோ நகைக்கடை மாதிரி இருந்திருக்கும்.

"நானே செய்யறதுன்னு சொன்னேன். அப்ப வளையம் மிசின்ல ஓடறத எடுத்து அனுப்புங்கங்கறாங்க."

"இப்பவே எடுத்தர்லாங்கண்ணா."

அவர் மிஷினைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சானின் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவுங்க அத எவனுக்கு அனுப்புவாங்கன்னு ஆரு கண்டா? இவன் இப்பிடிச் செய்யறான், நீ கம்மியாச் செஞ்சு குடுன்னு இன்னொருத்தன்கிட்டக் குடுப்பாங்க. முன்ன ஒருக்கா அப்பிடிக் குடுத்திருக்கறாங்க."

"சும்மா ஒரு பக்கம் மட்டும் காட்டலாமுங்க."

"பாக்கலாம்."

கூப்பிடவில்லை. நானே ஒரு தடவை போனேன். கேமராவை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே இருந்துவிட்டு வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பினார். பழைய வீடியோவையே மறுபடி அனுப்பியதாகச் சொன்னார். அதற்குப் பதில் வரவில்லை.

மழை முடிந்த பிறகு போன் வந்தது.

"கேமராவ எடுத்துட்டு வாங்க தம்பி."

ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். போனால் மற்ற மிஷின்கள் இருந்த இடம் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் சதுரம் சதுரமாக. பெரிய மிஷினை வெளியூர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம். ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

"மறைக்க ஒண்ணுமில்லீங்க. எல்லாம் எடுங்க."

வளையத்தை மாட்டினார். ஃபிக்சர் உள்ளிருந்து இதழ் இதழாக விரிந்து அதைப் பிடித்தது. அழகாகத்தான் இருந்தது. கிட்டே போய் எடுத்தேன். அந்தக் கம்பெனிக்கு இந்த ஒரு ஷாட் போதுமாக இருந்திருக்கும். அவரிடம் சொல்லவில்லை.

விலை படிந்தால் மிஷினை ஏற்ற ஆள் வேண்டுமே என்று அவர் சம்சாரம் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். மச்சான் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மச்சான்."

வந்தார். குனிந்து ஃபிக்சரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இப்பிடிப் புடிச்சீங்களா மாப்பள?"

"ஆமாங்க."

"நாங்க வேற மாதிரிங்க. காந்தத்துலயே புடிச்சுக்கறோம். ரொம்ப நாளாச்சு."

பார்த்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் உள்ளே போய்விட்டார்.

அவர் மச்சானை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் நல்லாப் பதியோணுங்க தம்பி. வாங்கறவங்க பேரிங் தேஞ்சிருக்குதான்னு சத்தத்தத்தான் கேப்பாங்க."

மைக்கைக் கிட்டே கொண்டுபோனேன். வளையம் முடியும் வரை மூன்று பேரும் பேசாமல் நின்றோம். கழற்றினார். துடைத்தார். அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. வைப்பதற்கு அங்கே மேஜை இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிஷினை நிறுத்தினார்.